1:64 டிரிங்கோமலி மாதிரிக் கப்பல்: அணியத்தில் (முன்பகுதியில்) பலகை படியவில்லை, படிக்கட்டு மாதிரி எழும்பி நிற்கிறது

பாய்மரம்64 (கேள்வி)

வணக்கம். எச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாதிரியை 1:64 அளவில், கிட் (தயார் பாகங்கள்) இல்லாமல் வரைபடத்தை வைத்துக் கட்டுகிறேன். பீரங்கித் தளத்தின் நீளம் 150 அடி 4½ அங்குலம். இந்த அளவில் 71.6 செ.மீ. 5 மி.மீ. பிளைவுட்டில் ஏரா (அடியில் ஓடும் முதுகெலும்புக் கட்டை), 4 மி.மீ. பிளைவுட்டில் 18 பல்க்ஹெட் (குறுக்குச் சட்டம்). முதல் அடுக்குக்கு 5 மி.மீ. அகலமும் 1.5 மி.மீ. கனமும் உள்ள லைம்வுட் பட்டை. பசை ஃபெவிகால்.

வேல் பட்டைக்கு (பக்கவாட்டில் ஓடும் தடித்த பலகை வரிசை) கீழே ஆரம்பித்து இரண்டு பக்கமும் 5 வரிசை ஒட்டியாகிவிட்டது. முதல் மூன்று வரிசை ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. 4-ம், 5-ம் வரிசைகள் நடுவில் சரி. அணியத்தில், 1 முதல் 4-ம் பல்க்ஹெட் வரை, பலகையின் கீழ் விளிம்பு வெளியே எழும்பி ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. அரை மணி நேரம் ஊறவைத்து வளைத்தும் அப்படியே. ஊசி அடித்தால் ஊசியோடு எழும்புகிறது.

வேலுக்குக் கீழிருந்து ஏரா வரை பேப்பர் பட்டை வைத்து அளந்த சுற்றளவு: நடுவில் 135 மி.மீ., முதல் பல்க்ஹெட்டில் 78 மி.மீ., கடைசி பல்க்ஹெட்டில் 148 மி.மீ.

தெரிய வேண்டியவை: எழும்பியதைத் தேய்த்துவிட்டு மேலே போகலாமா, கழற்ற வேண்டுமா? அசல் கப்பல் தேக்கு என்பதால் இரண்டாம் அடுக்குக்கு 0.6 மி.மீ. தேக்கு வாங்க நினைக்கிறேன், சரியா? செப்புத் தகடு, அதற்குப் பிறகு கண்ணாடிக்கூடு பற்றியும் சொன்னால் நல்லது. கப்பல் நிற்கப்போவது சென்னையில், கடற்கரைக்கு அருகில் உள்ள வீட்டில்.

உளிச்சத்தம்

தம்பி, விடை நீங்கள் கொடுத்த அளவிலேயே இருக்கிறது. நடுவில் 135 மி.மீ. என்றால் 5 மி.மீ. பட்டையில் 27 வரிசை. அந்த 27 வரிசையும் அணியத்தில் 78 மி.மீ.க்குள் அடங்க வேண்டும்: 78 ÷ 27 = 2.89. ஒவ்வொரு பலகையும் நடுவில் 5 மி.மீ., முனையில் 2.9 மி.மீ. இருக்க வேண்டும். நீங்கள் முனை வரைக்கும் முழு அகலத்தில் கொண்டுபோயிருக்கிறீர்கள். இடம் இல்லாததால் பலகை பக்கவாட்டில் வளையப் பார்க்கிறது. 5 மி.மீ. பட்டை தட்டையாக எவ்வளவு வேண்டுமானாலும் வளையும், விளிம்பு வாட்டத்தில் வளையாது. முறுக்கிக்கொண்டு ஒரு விளிம்பைத் தூக்கும். ஊறவைப்பதோ ஊசியோ இதற்கு மருந்து இல்லை. டிரிங்கோமலி லீடா என்ற கப்பல் வகையைச் சேர்ந்தது. அந்த வகையின் உருவம் 1782-ல் பிடிபட்ட பிரெஞ்சு ஃபிரிகேட் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்) ஹெபேயிலிருந்து எடுத்தது. அதன் அணியம் நல்ல உருண்டை. கூர்மையான அணியமுள்ள கிளிப்பர் கப்பலில் மன்னித்துவிடும் தப்பை இது மன்னிக்காது.

கழற்ற வேண்டுமா என்பதற்கும் கணக்கே பதில் சொல்லும். பட்டையை அதன் அகலத்தில் பாதிக்குக் கீழே குறுக்கக் கூடாது. குறுக்கினால் முனையில் ஆணிக்கு இடமில்லாமல் பிளக்கும். உங்களுக்கு அந்த எல்லை 2.5 மி.மீ. ஐந்து வரிசையையும் விட்டுவைத்தால் அணியத்தில் மிச்சம் 53 மி.மீ., வரிசை 22, அதாவது 2.41. எல்லைக்குக் கீழே போய்விட்டது. 4, 5-ஐ மட்டும் கழற்றினால் மிச்சம் 63 மி.மீ., வரிசை 24, 2.62 வருகிறது. எனவே அந்த இரண்டை மட்டும் இரண்டு பக்கமும் எடுத்துவிடுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பிரஷில் தொட்டு மூட்டுகளில் விட்டு, கால் மணி நேரம் கழித்து மெல்லிய கத்தியை நுழைத்தால் ஃபெவிகால் ரப்பர் போல இளகிப் பிரியும். தண்ணீர் விட்டால் பிளைவுட் உப்பும்.

பலகையை எடுத்ததும் பல்க்ஹெட் விளிம்பைப் பாருங்கள். அணியத்தில் 4 மி.மீ. விளிம்பு முழுவதும் சரிவாகத் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு பட்டையை நான்கைந்து பல்க்ஹெட் மேல் சும்மா வைத்து அழுத்துங்கள்: ஒவ்வொன்றிலும் விளிம்பின் முழு முகமும் பட்டையைத் தொட வேண்டும், முன்மூலையோ பின்மூலையோ மட்டும் தொட்டால் இன்னும் தேய்க்க வேண்டும். முதல் இரண்டு பல்க்ஹெட்டுக்கு நடுவே பால்ஸா கட்டை வைத்து உருவம் செதுக்கிவிட்டால் அணியத்தில் பசை பிடிக்க நல்ல பரப்பு கிடைக்கும். உருண்டை அணியத்துக்கு இதை நான் விருப்பம் என்று சொல்ல மாட்டேன், கட்டாயம்.

இனி பங்கு போடுவது. மிச்சமுள்ள 24 வரிசையை எட்டு எட்டாக மூன்று பட்டையாகப் பிரியுங்கள். எல்லைக் கோடுகளில் 1 மி.மீ. மெல்லிய குச்சியையோ கறுப்பு நூலையோ ஊசியால் தற்காலிகமாக ஓட்டி, கப்பலை நேர் முன்னாலிருந்தும், கீழேயிருந்தும் பாருங்கள். கோடு எங்காவது சட்டென்று மேலே ஏறினாலோ தொய்ந்தாலோ அங்கே நகர்த்துங்கள். இந்த இடத்தில் அளவுகோலைவிடக் கண்ணையே நம்புங்கள்.

பிறகு ஒரு விசிறி வரைந்துகொள்ளுங்கள். தாளில் ஒரு புள்ளியிலிருந்து சம இடைவெளியில் 9 கோடுகள். அவற்றுக்கு நடுவே 8 இடைவெளி. ஒவ்வொரு பல்க்ஹெட்டிலும் பட்டையின் உயரத்தைப் பேப்பர் துண்டில் குறித்து, அந்தத் துண்டை விசிறியின் மேல் முதல் கோட்டுக்கும் ஒன்பதாம் கோட்டுக்கும் சரியாகப் பொருந்தும் இடத்தில் வைத்தால், நடுக்கோடுகள் எட்டுப் பலகையின் அகலத்தையும் காட்டிவிடும். அதைப் பல்க்ஹெட்டில் பென்சிலால் குறியுங்கள். ஒவ்வொரு பலகையும் ஒட்டும்போது அந்தக் குறிக்கு வரவேண்டும். தவறினால் அடுத்த பலகையிலேயே சரிசெய்யுங்கள், நான்கு வரிசை சேர்த்துவைக்காதீர்கள்.

குறுக்குவது இப்படி: ஏறக்குறைய 6-ம் பல்க்ஹெட்டிலிருந்து முனை வரை பென்சில் கோடு போட்டு, இரண்டு இரும்பு ஸ்கேலுக்கு நடுவே பட்டையை வைஸில் பிடித்து, சின்ன இழைப்புளியால் கோடு வரை இழைக்க வேண்டும். ஏற்கெனவே ஒட்டிய பலகையைத் தொடும் விளிம்பை இழையுங்கள். மறு விளிம்பு ஆலையில் அறுத்த நேரிலேயே இருக்கட்டும். இழைத்த விளிம்பின் உள்மூலையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டால் வெளியே இடைவெளி தெரியாது.

ஊறவைப்பதில் ஒரு எச்சரிக்கை. 1.5 மி.மீ. லைம்வுட்டுக்கு 15–20 நிமிடம் தாராளம். நனைந்த 5 மி.மீ. பட்டை 0.1, 0.2 மி.மீ. அகலும். ஈரத்தோடு ஒட்டினால் காய்ந்ததும் ஒவ்வொரு மூட்டும் வாய் பிளக்கும். 24 வரிசையில் அது 3, 4 மி.மீ. ஆகிவிடும். ஈரப் பட்டையைக் கப்பலிலேயே பசை இல்லாமல் கிளிப் போட்டு ஒரு ராத்திரி காயவிட்டு, வளைவு நின்ற பிறகு ஒட்டுங்கள்.

இரண்டு பக்கமும் மாறி மாறி ஒட்ட வேண்டும், ஒரு பக்கம் முந்தினால் ஏரா வளையும். ஏராவை ஒட்டிய முதல் பலகையை அணியத்தில் மேலே ஏற விடாதீர்கள். முதல் இரண்டு பல்க்ஹெட்டுக்கு அருகே, வளைவு தொடங்கும் இடத்திலேயே அது முடியட்டும். பாதிப் பேர் இதை ஸ்டெம் (அணியத்தின் முனைக் கட்டை) வரை இழுத்துவிட்டு, மற்ற பலகைகளுக்கு இடம் இல்லாமல் தவிக்கிறார்கள்.

அமரத்தில் (பின்பகுதியில்) நிலைமை தலைகீழ். 148 மி.மீ.க்கு 27 வரிசை போதாது, 13 மி.மீ. மிச்சம். அகலமான பலகை தேடாதீர்கள். பலகைகளை இயல்பாக விழ விட்டு, விரியும் இடத்தில் மூன்று ஆப்புப் பலகை (ஒரு முனை கூர்ந்த பலகை) செருகுங்கள். இது அசல் கப்பலிலும் செய்வதுதான்.

மரக்கடை_மதுரை

மேலே சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. தேக்கு பற்றி மட்டும்.

டிரிங்கோமலி 1817-ல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டியது உண்மை. இங்கிலாந்தில் ஓக் தட்டுப்பாடு, அதனால் இங்கே கட்டினார்கள். ஆனால் மரம் 64 மடங்கு சிறுத்தாலும் அதன் நரம்பு சிறுக்காது. தேக்கின் ஆண்டு வளையத்தில் உள்ள துளை ஏறக்குறைய கால் மி.மீ. விட்டம். அதை 64-ஆல் பெருக்கினால் 16 மி.மீ.; உங்கள் கப்பலின் ஒவ்வொரு பலகையிலும் விரல் நுழையும் ஓட்டை இருப்பதாகக் கண்ணுக்குப் படும். தூரத்திலிருந்து பார்த்தாலே பொம்மைத்தனம் வந்துவிடுவது இதனால்தான். போதாததற்குத் தேக்கின் எண்ணெய்ப் பசை ஃபெவிகாலைப் பிடிக்க விடாது, ஒட்டுமுன் அசிட்டோன் போட்டுத் துடைக்க வேண்டும். அதிலுள்ள சிலிக்கா பிளேடு முனையையும் சீக்கிரம் மழுக்கும். தேக்கை அடிப்பீடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அழகாக இருக்கும்.

நம் ஊரில் கிடைப்பதில் மஞ்சக்கடம்பு இந்த வேலைக்கு மிக நல்லது. நெருக்கமான, சீரான நரம்பு, இளமஞ்சள் நிறம், விளிம்பு உதிராமல் அறுபடும். வெளிநாட்டில் பாக்ஸ்வுட் பயன்படுத்தும் இடத்தில் இதை வைக்கலாம். மேல்தளத்துக்கு வெப்பாலை பாருங்கள். சென்னபட்டணம் பொம்மை கடையும் அதே மரம், தந்தம் போல வெள்ளை, நரம்பே தெரியாது. வெள்ளை மரம் என்பதால் ஈரத்தில் நீலக்கறை ஏறும், நன்றாகக் காய்ந்த துண்டாக வாங்கி உடனே பட்டையாக அறுத்துவிடுங்கள். சாற்றுமரம் (பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி) கலந்திருந்தால் வண்டு துளைக்கும். பட்டையில் குண்டூசித் தலை அளவு ஓட்டையோ, தட்டினால் மாவு போலத் தூளோ தென்பட்டால் அந்தத் துண்டை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகாதீர்கள்.

தளப் பலகையின் அகலம் 1:64-க்கு 3.5 முதல் 4 மி.மீ. கலப்பத்துக் கோட்டுக்கு (பலகை மூட்டை அடைத்த கறுப்புக் கோடு) பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் மென்பென்சில் தேய்த்தால் போதும். கறுப்பு மார்க்கர் வேண்டாம், வார்னிஷ் பட்டதும் நரம்பு வழியே ஊறித் தளம் முழுக்கப் புகை பிடித்தது போலாகும். ஃபெவிக்விக்கும் அப்படித்தான்: சிந்திய இடத்தில் மரம் அடைபட்டு, பிறகு எண்ணெயோ சாயமோ ஏறாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே செப்பு மூடும். மேலே அசல் மாதிரி கறுப்பும் வெள்ளைப் பட்டையும் அடித்தால் இரண்டாம் அடுக்கு மரம் எங்குமே தெரியாது. பெயின்ட் அடிப்பதானால் இரண்டாம் அடுக்கையும் லைம்வுட்டிலேயே முடித்து, அந்தக் காசில் தளத்துக்கு நல்ல மரம் வாங்கலாம். பெயின்ட் இல்லாமல் மரமாகவே விடுவதானால்தான் மஞ்சக்கடம்பு.

பாய்மரம்64

இரண்டு பேருக்கும் நன்றி. 4, 5 வரிசைகளைக் கழற்றிப் பார்த்தேன்: 2, 3-ம் பல்க்ஹெட்டில் முன்மூலை மட்டும்தான் தொட்டிருக்கிறது. சரிவாகத் தேய்த்த பிறகு பட்டை படிகிறது. பெயின்ட் அடிப்பதாக முடிவு. செப்பு அமரத்திலிருந்து தொடங்குவதா, அணியத்திலிருந்தா? ஆணித்தலைக்குச் சக்கரம் உருட்ட வேண்டுமா?

செப்புத்தகடு

அமரத்திலிருந்து, ஏராவை ஒட்டிய கீழ் வரிசையில். முன்னாலுள்ள தகடு பின்னாலுள்ளதன்மேல் ஏற வேண்டும். ஓடும் தண்ணீர் விளிம்பைக் கிளப்பாதிருக்க அசலில் அப்படி அடித்தார்கள். மேல் வரிசை கீழ் வரிசையின்மேல் ஏறும்.

அசல் தகடு 4 அடிக்கு 14 அங்குலம். 1:64-ல் 19 மி.மீ.க்கு 5.5 மி.மீ. இதற்காகத் தனியாக எதுவும் வெட்ட வேண்டாம். வண்ணக்கண்ணாடி வேலைக்கு விற்கும் பசை ஒட்டிய செப்புச் சுருள் 7/32 அங்குல அகலத்தில் வரும், அது 5.56 மி.மீ. நீளத்தை மட்டும் 19 மி.மீ.யாக நறுக்கினால் போதும். கறுப்பு, வெள்ளி, செப்பு என்று உள்பக்க நிறத்தில் மூன்று வகை உண்டு. எதை வாங்கினாலும் கடைசி வரை ஒரே வகையாக இருக்கட்டும்.

ஏறும் அளவு 0.5 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அசல் தகட்டின் கனம் இந்த அளவில் கண்ணுக்கே தெரியாது, எனவே முட்டுக்கு முட்டு ஒட்டினாலும் தப்பில்லை. ஆணிச் சக்கரம் என் கருத்தில் வேண்டாம். கடையில் கிடைக்கும் சக்கரத்தின் புள்ளி இந்த அளவுக்குப் பெரிது, கப்பலுக்கு அம்மை போட்டது மாதிரி ஆகிவிடும். உருட்டித்தான் தீருவேன் என்றால் பின்பக்கத்திலிருந்து உருட்டாமல், முன்பக்கத்திலிருந்து மெல்லக் குழி விழுமாறு உருட்டுங்கள்.

எல்லாரும் சறுக்கும் இடம் அடித்தளம்தான். படலம் மெல்லியது, கீழே உள்ள தூசி, மூட்டுப் பள்ளம், ஊசி ஓட்டை எல்லாம் மேலே அப்படியே தெரியும். 240 எண் உப்புத்தாள் வரை தேய்த்து, சாண்டிங் சீலர் இரண்டு கை கொடுத்து, நடுவில் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோபைலால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். மரத்தூள் இருந்த இடத்தில் தகடு ஆறு மாதத்தில் சுருண்டு எழும்பும். ஒட்டியதும் மழுங்கிய மரக்குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து அழுத்த வேண்டும்.

பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். விரல் வியர்வை பட்ட இடம் சில வாரத்தில் கரும்பழுப்புக் கைரேகையாகத் தெரியும், நம் ஊர் வியர்வைக்கு இன்னும் சீக்கிரம். நீர்மட்டக் கோட்டைப் பலகை வேலை முடிந்தவுடன், கப்பலை நேராக நிறுத்தி, ஒரே உயரக் கட்டையில் பென்சிலைக் கட்டி ஓட்டிக் குறித்துவிடுங்கள். செப்பு ஒட்டும்போது குறிக்கலாம் என்று விட்டால் கோடு அலையும்.

இதைவிட முக்கியமான ஒன்றை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்: எந்த ஆண்டின் டிரிங்கோமலி? 1817-ல் இறங்கியது 46 பீரங்கி ஃபிரிகேட். பல வருடம் சும்மா நிறுத்திவைத்துவிட்டு 1845-ல் தொடங்கிய மாற்றத்தில் அதை 26 பீரங்கி கார்வெட் (ஃபிரிகேட்டைவிடச் சிறிய வகை) ஆக்கினார்கள். பின்பகுதியின் உருவமும் மாறியது. இப்போது ஹார்ட்டில்பூலில் நிற்பதைப் படம் எடுத்து, கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தின் லீடா வரைபடத்தோடு கலந்தால் எந்தக் காலத்திலும் இல்லாத கப்பல் வரும். டண்டியில் உள்ள எச்.எம்.எஸ். யூனிகார்னையும் (1824) சிலர் துணைக்கு எடுக்கிறார்கள். அது லீடா வகைதான், ஆனால் கப்பல் வடிவமைப்பாளர் செப்பிங்ஸ் முறை மாற்றங்களோடு கட்டியது. அணியத்துக்கும் அமரத்துக்கும் அதைப் பின்பற்றக் கூடாது. சின்னத் தளவாடங்களுக்கு மட்டும் பார்க்கலாம்.

(இந்த வரைபடத்துக்கே ஒரு கதை உண்டு. பம்பாய்க்கு அனுப்பிய முதல் பிரதி எச்.எம்.எஸ். ஜாவாவில் வந்தது. 1812 டிசம்பரில் பிரேசிலுக்கு அப்பால் யு.எஸ்.எஸ். கான்ஸ்டிடியூஷன் அந்தக் கப்பலை வீழ்த்தியதில் வரைபடமும் போயிற்று, மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது.)

கண்ணாடிக்கூடு

கூடு பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. சென்னைக் கடற்கரைக்கு இதுதான் கப்பலின் ஆயுள்.

முதலில் பீரங்கிகளைப் பாருங்கள். வார்ப்பு ஈயமா, வெள்ளீயக் கலவையா? நகத்தால் கீறினால் கோடு விழுந்து, தாளில் தேய்த்தால் பென்சில் மாதிரி சாம்பல் தடம் வந்தால் ஈயம் அதிகம். ஈயத்தை மூடிய கூட்டுக்குள் வைத்தால் வெள்ளைப் பொடி பூத்து, பீரங்கியும் நங்கூரமும் தூளாக உதிரும். பெயின்ட் அதைத் தடுக்காது. காரணம் ஈரம் மட்டும் இல்லை, கூட்டுக்குள் தேங்கும் அசிட்டிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும். அவற்றை வெளியிடுவது எம்.டி.எஃப்., பிளைவுட், ஓக், பிறகு புளிச்ச வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிகான். எனவே அடித்தளத்துக்கு எம்.டி.எஃப். வேண்டாம், சிலிகான் வாங்கும்போது ‘நியூட்ரல்’ வகை என்று கேட்டு வாங்குங்கள். ஈயம் இல்லாத பிரிட்டானியா உலோகமோ கடைந்த பித்தளையோ கிடைத்தால் பீரங்கியை மாற்றிவிடுவதுதான் நிம்மதி.

கப்பலுக்குள்ளேயே பிளைவுட் பல்க்ஹெட் இருக்கிறது, அதை மாற்ற முடியாது. அதனால் கூடு காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்கக் கூடாது. பீடத்தின் பின்பக்கம் ஒரு மூலையில் கீழாகவும், எதிர் மூலையில் மேலாகவும் 10–12 மி.மீ. துளைகள் இரண்டிரண்டு போட்டு, உள்ளே மெல்லிய ஃபில்டர் துணி ஒட்டுங்கள். தூசி வராது, காற்று மெதுவாக மாறும். சிலிக்கா ஜெல் பையைக் காற்றோட்டமுள்ள கூட்டில் வைப்பது வீண் செலவு, இரண்டு நாளில் நிறைந்துவிடும்.

ஈரப்பதம் 65-லேயே நின்றாலும் மரம் பழகிக்கொள்ளும். கெடுப்பது ஏற்ற இறக்கம். ராத்திரி மட்டும் ஏ.சி. ஓடும் படுக்கையறையில் வைத்தால் தினமும் ஒரு முறை மரம் சுருங்கி விரியும். கயிறுகள் ஒரு நேரம் விறைக்கும், ஒரு நேரம் தொங்கும், தளத்தின் மூட்டு திறக்கும். ஏ.சி. இல்லாத, வெயில் நேரே விழாத உள்சுவர் போதும். கூட்டுக்குள் விளக்கு வைக்காதீர்கள், எல்.இ.டி. வைத்தே தீருவேன் என்றால் அதன் அடாப்டராவது வெளியே இருக்கட்டும்.

அளவுக்கு: பௌஸ்பிரிட் (அணியத்தில் முன்னால் நீளும் கம்பு) முனையிலிருந்து பின்னால் பூம் (பின்பாயின் அடிக்கம்பு) முனை வரை நீளம், மிக நீண்ட பருமலின் (பாய் தொங்கும் குறுக்குக் கம்பு) அகலம், பாய்மர உச்சி, மூன்றிலும் எல்லாப் பக்கமும் 8 செ.மீ. விடுங்கள். பாய்மரம் ஏற்றினால் இந்தக் கூடு ஒரு மீட்டர் நீளத்தைத் தாண்டும். பாய்மரம் நிறுத்தும் முன்பே வீட்டுக் கதவை அளந்துகொள்ளுங்கள்.

உளிச்சத்தம்

கயிற்றுக்கு வரும்போது ஒரு விஷயம், இப்போதே சொல்லிவைக்கிறேன். பழைய பட்டியலில் கயிற்றின் அளவு சுற்றளவாக எழுதப்பட்டிருக்கும், விட்டமாக இல்லை. 9 அங்குலக் கயிறு என்றிருந்தால் 3.14-ஆல் வகுத்து 2.87 அங்குலம், அதை 64-ஆல் வகுத்தால் 1.14 மி.மீ. நூல். விட்டம் என்று எடுத்தால் 3.6 மி.மீ. வரும், கப்பலில் கிணற்றுக் கயிறு கட்டியது போலிருக்கும். பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுக்குத் தார் நிறம், பாயையும் பருமலையும் இழுக்கும் ஓட்டக்கயிறுக்கு வெளிர்ச்சணல் நிறம். பருத்தி நூலில் பிசிர் தூசி பிடிக்கும், பாலியெஸ்டர் எடுங்கள். அதற்கு முன் பலகைப் பட்டைகளின் எல்லைக் குச்சிகளை ஓட்டிவிட்டு, நேர் முன்னாலிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், கோடு விழுவதைப் பார்த்துச் சொல்கிறேன்.